ஜாம் பாட்டிலில் அனுப்பாதீர்கள்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

வணக்கம். இந்த வாரமும் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது அதே நாற்றம்தான். போன வாரமும் சொன்னேன், அதற்கு முந்தின வாரமும் சொன்னேன். தொட்டியிலிருந்து மாதிரி எடுத்தால் நான் அனுப்பும் குப்பிகளில் ஊற்றி, தேதி எழுதி அனுப்புங்கள் என்று. நீங்களோ படம் போட்ட ஜாம் பாட்டிலில் தொட்டியின் அடிக்கசடை அள்ளிப் போட்டு, மூடியை ஒப்புக்கு ஒரு திருகு திருகி, பெட்டிக்குள் படுக்கவைத்து அனுப்புகிறீர்கள். வழியெல்லாம் கசிந்து, பெட்டியின் நான்கு மூலையிலும் பழுப்பு நிறத்தில் காய்ந்துபோயிருக்கிறது. என் உதவியாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், உங்க சம்பந்தி பெட்டி வந்திருக்கு" என்று சிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் என் மகள், அதாவது உங்கள் மருமகள், அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் போட்ட தடை உங்களுக்கும் நினைவிருக்கும். "ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிப்போகுது. இனிமே வீட்டுலயும் போன்லயும் ஈஸ்ட் பேச்சே கூடாது. அவ்வளவு ஆத்திரம்னா எழுதிக்குங்க. எழுதினா சத்தம் கேக்காது." மாப்பிள்ளையும் அவள் பக்கம் தலையாட்டினார். ஆகவே எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் தெரிந்த மாதிரி நீங்கள் நடந்துகொள்வதும் இல்லை. அதனால் மறுபடி சொல்கிறேன். சோளத்தட்டையை வேகவைத்து எடுக்கும் சாற்றில் இரண்டு சர்க்கரை இருக்கிறது. குளுக்கோஸை எந்த ஈஸ்ட்டும் தின்று ஆல்கஹால் ஆக்கிவிடும். மற்றது மரச்சர்க்கரை, சைலோஸ். அதை ஊரில் இருக்கிற எந்த ரொட்டி ஈஸ்ட்டும் தொடாது. அதைத் தின்னவைக்கத்தான் வேறொரு பூஞ்சையிலிருந்து ஜீனை எடுத்து என் ஈஸ்ட்டுக்குள் பொருத்தியிருக்கிறேன். பத்து வருஷ உழைப்பு. என் லேபில் அது தின்கிறது. உங்கள் ஆலையில் தின்னமாட்டேன் என்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் 'சுருக்கமா' வருகிறார். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்கிற நம் பெரிய அதிகாரி இந்த முறை ஒன்றே ஒன்றுதான் கேட்பார். மரச்சர்க்கரை தீர்ந்ததா, இல்லையா? தீரவில்லையென்றால் உங்கள் ஆலைக்குப் பூட்டு, என் ஈஸ்ட்டுக்கு முழுக்கு.

எனவே, ஒவ்வொரு முறையும் தொட்டியைக் காலி செய்து, நீராவி விட்டு அவித்துக் கழுவி, இந்தப் பெட்டியில் இருக்கும் புதிய குப்பிகளின் ஈஸ்ட்டைப் போட்டுத் தொடங்குங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜனவரி 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன். கழுவுவதைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தீர்கள்.

முதலில் உங்கள் மகாராணியைப் பற்றி. ஆமாம், உங்கள் ஈஸ்ட்டுக்கு இங்கே நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். மகாராணி தொட்டிக்குள் இறங்கினாள். குளுக்கோஸ் இருக்கும்வரை சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டாள். அது தீர்ந்ததும் மரச்சர்க்கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். நாங்கள் தலைகீழாக நின்று பார்த்தோம். வெப்பத்தைக் கூட்டினோம், குறைத்தோம். அசையவில்லை. தவறு யார் மேல் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு மரியாதை தெரியும். ஆனால் உங்கள் லேபில் அவளுக்குக் கிடைப்பது கண்ணாடி மாதிரி சர்க்கரைத் தண்ணீர். இங்கே தட்டையை அமிலத்தில் வேகவைக்கும்போது சர்க்கரையோடு சேர்ந்து புளிப்பும் கருகலும் ஆயிரம் கர்மமும் பிறக்கிறது. அதைக் குடித்துக் குடித்தே மயக்கம் போட்டு விழுகிறாள். செல்லம் கொடுத்து வளர்த்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து ஜாம் பாட்டில். உங்கள் குப்பியின் வாய்க்குள் என் சுண்டுவிரல் நுழையாது. கசடோ கூழ் மாதிரி இருக்கிறது. ஸ்பூனால் ஊட்டிவிடச் சொல்கிறீர்களா? ஜாம் பாட்டிலுக்கு வாய் பெரிது, மனசும் பெரிது. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. உங்கள் மாப்பிள்ளை ஜாமுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் ரொட்டி சாப்பிடுகிறான். இந்த வாரமும் ஒன்று அனுப்பியிருக்கிறேன், ஆரஞ்சுப் படம் போட்டது.

தொட்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தொட்டி நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 20

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

'தொட்டி நன்றாக இருக்கிறது' என்றால் என்ன அர்த்தம்? தொட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்தேனா? கழுவினீர்களா என்று கேட்டேன். கழுவினேன், கழுவவில்லை என்ற இரண்டு பதில்தான் அந்தக் கேள்விக்கு உண்டு. நீங்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி மென்று விழுங்குகிறீர்கள்.

பொறுக்கமுடியாமல் நேற்று மகளிடம் போனில் கேட்டேவிட்டேன். உங்கள் ஆலையின் பரிசோதனை அறையில் உட்கார்ந்துகொண்டு தினமும் சர்க்கரை அளப்பவள் அவள்தானே. "தொட்டிய கழுவுறாங்களாடி?" என்றேன். "அம்மா, ஈஸ்ட் பேச்சு கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல. வேற என்ன விசேஷம்?" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அதனால்தான் பதிலே சொல்லாமல் பேச்சை மாற்றினாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டில் வந்தது. அதற்கு முன்பு வந்ததையும் சேர்த்துக் கொட்டச் சொல்லிவிட்டேன். இனி எத்தனை வந்தாலும் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். என் லேபில் ஒரு குப்பியைத் திறக்கவே கையுறை போட்டு, சுடரைப் பற்றவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறோம். அங்கே ஜாம் ஸ்பூனால் அள்ளிப்போட்டதை வைத்து நான் என்ன சோதனை செய்வது? யார் வீட்டுக் கிருமி என்று ஆராய்ச்சி செய்வதா?

சம்பந்தி, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்கள் ஓடுகின்றன. எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீங்கள் எழுதிய அந்த 'மயக்கம்' உண்மைதான், நான் மறுக்கவில்லை. அதைத் தாங்குகிற மாதிரி ஈஸ்ட்டை மாற்ற இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்றைச் செய்து அனுப்புகிறேன். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எனக்குத் தெரியவேண்டுமென்றால் தொட்டியில் நான் அனுப்பியது மட்டும்தான் இருக்கவேண்டும். இதைச் சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொல்லவைக்கிறீர்களே.

சம்பந்தி


பிப்ரவரி 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சரி. இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் காத்திருந்தேன்.

கழுவவில்லை. டிசம்பரிலிருந்தே கழுவவில்லை.

கோபப்படாமல் மேலே படியுங்கள். எங்கள் கொதிகலன் நோயாளி. அந்தப் பெரிய தொட்டியை ஒரு தடவை அவிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது. ஒரு முழு நாள் வேலை கெடுகிறது. நான் இங்கே வருவதற்கு முன்பு சாராய வடிசாலையில் இருந்தேன் அல்லவா? அங்கே கரும்புக் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், ஊறும் தொட்டியின் அடியை நாங்கள் தொட்டதே கிடையாது. மேலே தெளிந்ததை எடுப்போம், அடியில் ஈஸ்ட் படிந்த கசடு அப்படியே இருக்கும், அதன் தலையிலேயே அடுத்ததை ஊற்றுவோம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. டிசம்பரில் நீங்கள் அனுப்பிய மகாராணியின் கசடைத்தான் இன்றுவரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். அதற்கப்புறம் நீங்கள் அனுப்பிய குப்பிகள் எல்லாம் பத்திரமாக எங்கள் ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு தடவை சாறு புளித்து நாறியது. அந்தச் சாற்றை வெளியே கொட்டிவிட்டேன். அப்போதும் அடியை விடவில்லை.

இப்போது நல்ல செய்தி. இந்தத் தடவை மரச்சர்க்கரையில் பாதிக்கு மேல் காணோம்! மருமகள் இரண்டு தடவை அளந்து பார்த்தாள். முதலில் கருவியைத் தட்டினாள், பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, குறைஞ்சிருக்கு" என்றாள். "கருவி கெட்டுப்போச்சா?" என்றேன். "கருவி நல்லாத்தான் இருக்கு. வேற என்ன பண்ணீங்க?" என்றாள். நான் செய்தது ஒன்றுதான், கலக்குவதை மெதுவாக்கினேன். காரணம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். கொஞ்சம் என் கைராசியும் இருக்கலாம்.

இந்தப் பெட்டியில் வருவது ஸ்ட்ராபெரிப் படம் போட்ட பாட்டில். நேற்றைய கசடு. தயவுசெய்து இதைக் கொட்டாமல் ஒரு தடவை திறந்து பாருங்கள். மூடியை இறுக்கித்தான் மூடியிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 8

சம்பந்திக்கு,

மூடியிலிருந்து கசிந்துதான் வந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மாதம்! நான் இங்கே இரவு பகலாக ஒவ்வொரு ஜீனாக மாற்றி மாற்றி அனுப்புகிறேன். நீங்கள் அவற்றை வெண்ணெய்க்குத் துணையாக உட்காரவைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வாரமும் வருகிற உங்கள் அளவுகளை வைத்து 'இதுவும் சரியில்லை, அதுவும் சரியில்லை' என்று நான் தூக்கி எறிந்தவை எல்லாம் தொட்டியையே பார்க்கவில்லை! இதற்குமேல் ஒரு மனுஷியை என்ன செய்து அவமானப்படுத்த முடியும்?

உங்கள் நல்ல செய்திக்கு வருகிறேன். மரச்சர்க்கரை குறைந்திருக்கிறதென்றால் அதைத் தின்றது என் ஈஸ்ட் இல்லை. கழுவாத தொட்டியில் பாக்டீரியா குடியேறும். அது மரச்சர்க்கரையை ஆசையாகத் தின்னும், தின்றுவிட்டு ஆல்கஹாலுக்குப் பதிலாக அமிலத்தைக் கக்கும். நடுவில் புளித்து நாறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இதைக் கொண்டுபோய் 'சுருக்கமா' முன்னால் வைத்தால், அவர் கூட்டிவருகிற நிபுணர்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து நம் இரண்டு பேர் முகத்திலும் கரியைப் பூசிவிட்டுப் போவார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று தலைமையகத்துக்கு எழுதிவிட்டேன். ஆலையில் என் வழிமுறை எதுவும் பின்பற்றப்படவில்லை என்று, உள்ளதை உள்ளபடி.

இன்னொன்று. என் மகள் நேர்மையாக அளக்கத் தெரிந்தவள். உங்கள் அழுக்கு மூட்டைக்கு அவள் கையால் நல்ல கணக்கு எழுதவைக்காதீர்கள்.

கசடு முழுவதையும் வெளியேற்றுங்கள். தொட்டியை அவியுங்கள். கழுவுங்கள். இது வேண்டுகோள் இல்லை.

சம்பந்தி


பிப்ரவரி 15

மேடம் அவர்களுக்கு,

தங்கள் 8ஆம் தேதி உத்தரவு கிடைத்தது. தலைமையகத்திலிருந்து அதே விஷயமாக எனக்கு வந்த கடிதமும் கிடைத்தது. அந்தக் கடிதத்தை என் ஆட்கள் முன்னால்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

உத்தரவுப்படி நேற்று முன்தினம் கசடு முழுவதும் வெளியேற்றப்பட்டு, எரித்து அழிக்கப்பட்டது. தொட்டி காலையிலிருந்து மாலைவரை நீராவியில் அவிக்கப்பட்டது. குழாய்கள், வால்வுகள், கலக்கும் தண்டு எல்லாம் கழற்றிக் கழுவப்பட்டன. தாங்கள் கடைசியாக அனுப்பிய குப்பிகள் திறக்கப்பட்டுத் தொட்டியில் சேர்க்கப்பட்டன. மாதிரி, தாங்கள் கேட்டபடி, தேதி எழுதிய குப்பியில் இணைக்கப்பட்டுள்ளது. இனி ஜாம் பாட்டில் வராது.

என் மருமகள் யாருக்காகவும் பொய்க் கணக்கு எழுதமாட்டாள். மாமனாருக்காகவும் எழுதமாட்டாள், பெற்ற தாய்க்காகவும் எழுதமாட்டாள். அவளை நான் உங்களைவிடக் குறைவாகத்தான் அறிவேன். ஆனாலும் இது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஆலை மேலாளர்


பிப்ரவரி 17

சம்பந்திக்கு,

ஐயோ, சம்பந்தி! இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

இத்தனை நாளில் நான் சொன்ன எதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? குப்பியில் அனுப்புங்கள் என்றேன், கேட்டீர்களா? கழுவுங்கள் என்று தொண்டை வறள எழுதினேன், கேட்டீர்களா? உங்களிடம் பத்து சொன்னால் ஒன்று நடக்கும் என்ற கணக்கில்தான் நான் எழுதுவதே. கத்தி எழுதினால் கொஞ்சமாவது அசைவீர்கள் என்று கத்தினேன். நீங்கள் போய் வால்வைக் கழற்றிக் கழுவியிருக்கிறீர்கள்!

நடந்ததைச் சொல்கிறேன். என் கடிதத்தை உங்கள் மேசையில் மகள் படித்திருக்கிறாள். சனிக்கிழமை போன் செய்தாள். போட்ட தடையை அவளே மீறினாள். என் மகள் என்னிடம் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "அம்மா, நான் சர்க்கரை மட்டுமா அளக்கறேன்? ஆல்கஹாலும் அளக்கறேன். மரச்சர்க்கரை எவ்வளவு குறைஞ்சுதோ அதுக்குத் தகுந்த மாதிரி ஆல்கஹால் ஏறியிருக்கு. பாக்டீரியா தின்னா ஏறுமா? நீ கேட்டியா? மாமா மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை. 'சர்க்கரை எவ்வளவு' என்று மட்டும் நான் கேட்டால் சர்க்கரையை மட்டும் எழுதுவீர்கள், கைராசியைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவீர்கள், ஆல்கஹாலைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டீர்கள். உங்களை என்னதான் செய்வது?

உங்களைக் கூப்பிட்டு, கழுவவேண்டாம் என்று சொல்லும்படி கத்தினேன். "முந்தாநாளே முடிஞ்சுபோச்சும்மா" என்றாள். அதற்கப்புறம் நானே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் வேண்டாம்.

கலக்குவதை மெதுவாக்கியதும் காரணம் இல்லை, உங்கள் கைராசியும் காரணம் இல்லை. கசடுதான் காரணம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருகலில் பலவீனமானவை செத்திருக்கின்றன. தாங்கியவை அடியில் தங்கியிருக்கின்றன. அவற்றின் தலையிலேயே நீங்கள் மறுபடி மறுபடி ஊற்றியிருக்கிறீர்கள். தாங்கியதன் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கின்றன. நான் லேபில் செய்ய முடியாததை நீங்கள் சோம்பேறித்தனத்தால் செய்திருக்கிறீர்கள். நான் அதை எரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மகளைப் பற்றி நான் எழுதிய வரிக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் கேட்டாகிவிட்டது, அவள் இன்னும் தரவில்லை.

இங்கே ஒன்றைத் தேடிப் பார்க்கப் போகிறேன். அது பிழைத்திருந்தால் எழுதுகிறேன். இல்லையென்றாலும் எழுதுகிறேன், உங்களைத் திட்டாமல் என்னால் இருக்க முடியாது.

சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

'மேடம்' என்று எழுதியதற்கு மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் பழையபடி.

உங்கள் புது மகாராணியின் நிலவரம்: குளுக்கோஸைத் தின்றாள். படுத்துவிட்டாள். தொட்டி கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. அதில் என் முகம் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இதை மட்டும் ஏன் கேட்டேன்? ரோஷம் வந்துவிட்டது, அம்மா. வேறு ஒன்றும் இல்லை. என் ஆட்கள் பார்க்க, தலைமையகத்திலிருந்து வந்தவன் அந்தக் காகிதத்தை நீட்டினான். இவர்கள் எல்லோரும் என் பேச்சை நம்பி வடிசாலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர்கள். அன்றைக்கு அவர்களுக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சரி, அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்துகாட்டுகிறேன், அப்புறம் தெரியட்டும் என்று நினைத்தேன். வால்வைக் கழற்றும்போதே உள்ளுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் வேண்டாம் என்றது. அதைக் கேட்டிருக்கலாம்.

ஒரு கை கசடைக்கூட எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைக்க எனக்கு என்ன தேவை? வாராவாரம் உங்களுக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்களும் வாராவாரம் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

ஆலை மூடப்போகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேண்டீனில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியிருக்கும். உங்கள் மாப்பிள்ளை கடல் தாண்டி ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான். இரண்டு பேரும் போய்விடுவார்கள். போகட்டும், சிறுசுகள். ஆனால் காலையில் "மாமா, ஷூவோட உள்ள வராதீங்க" என்று அதட்டுவதற்கு அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவள் வருவதற்கு முன்பு இந்த வீட்டில் நானும் மகனும் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசமாட்டோம். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. எழுதினால் சத்தம் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறீர்கள்? என்னிடம் கேட்டால் நானும் தேடுவேனே.

உங்கள் சம்பந்தி


மார்ச் 14

அன்புள்ள சம்பந்திக்கு,

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் ஜாம் பாட்டில்களை நான் கொட்டவில்லை.

கொட்டியதாக எழுதியது பொய். எல்லாவற்றையும் குளிர் அறையின் கடைசி அடுக்கில், பெரிய பெட்டிகளுக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் வந்த தேதியை எழுதி, கசிவு எந்த மட்டம்வரை என்று கோடும் போட்டு, மேலே 'சம்பந்தியின் லட்சணம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். என்றைக்காவது ஒருநாள் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிவந்து, "பாருங்கள், இந்த மனுஷரோடுதான் நான் மல்லுக்கட்டுகிறேன்" என்று வரிசையாகக் காட்டுவதற்கு. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு வேலை. எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்கள் பாட்டில்களைக் கொட்டியிருந்தால் இன்றைக்கு வெட்கப்படக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்ட்ராபெரிப் படம் போட்டதைத் திறந்தேன். வாரக்கணக்கில் குளிரில் கிடந்தது. நாற்றம் அப்படியே இருந்தது, குறையவில்லை. கசடில் ஒரு துளி எடுத்து வளர்த்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தது. கூடவே பாக்டீரியாவும் வந்தது. ஆமாம், இருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதைப் பிரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை நான் பொருத்திய ஜீனை வைத்துச் சோதித்தேன். என் ஈஸ்ட்தான், சம்பந்தி. வேறு யாருடையதும் இல்லை. அதற்கு உங்கள் தட்டைச் சாற்றையே, ஒரு துளி நல்ல சர்க்கரைகூடக் கலக்காமல், அப்படியே ஊற்றினேன். குளுக்கோஸைத் தின்றது. படுக்கவில்லை. மரச்சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது. உதவியாளர்கள் முன்னால் அழுதுவிட்டேன். "மேடம், சம்பந்தி பாட்டிலா?" என்று கேட்டான் ஒருவன். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

இந்தப் பெட்டியில் அது இருக்கிறது, குப்பிகளில். ஸ்ட்ராபெரிப் பாட்டிலிலும் வளர்த்துப் போட்டிருக்கிறேன், உங்கள் சுண்டுவிரலுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று. தொட்டி இப்போது சுத்தமாக இருப்பது நல்லதுதான், இதைப் போட்டுத் தொடங்குங்கள். அதற்கப்புறம் கசடைக் காலி செய்யாதீர்கள். அதன் மேலேயே ஊற்றுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் புளிப்பை அளக்கச் சொல்லுங்கள், ஆல்கஹாலையும் அளக்கச் சொல்லுங்கள், அளந்ததை எழுதுங்கள்.

தலைமையகத்துக்கு மறுபடி எழுதிவிட்டேன். உங்களைப் பற்றி நான் முன்பு எழுதியது தவறு என்று தெளிவாக எழுதினேன். அதை உங்கள் ஆட்கள் முன்னால் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படித்தார்களா என்று எனக்குத் தெரியவேண்டும்.

மகள் இந்த வாரம் என்னோடு பேசினாள். அவள் உரக்கப் பேசக் கற்றுக்கொண்டது உங்கள் வீட்டில்தான். இது பாராட்டு இல்லை, புகார்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

படித்தார்கள். என் ஆட்கள் முன்னால், சத்தமாக. படித்து முடித்ததும் கொதிகலன் பார்ப்பவன், "இன்னொரு தடவ படிங்க சார்" என்றான்.

நேற்று 'சுருக்கமா' வந்தார். நிபுணர்கள் இரண்டு பேர் கூடவே. அவர்களே மாதிரி எடுத்தார்கள், மருமகள் அளப்பதை அவள் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். அப்படியே உங்கள் குரல். எனக்கு ஒரு நிமிஷம் பக்கென்றது.

மரச்சர்க்கரை அநேகமாகத் தீர்ந்திருந்தது. முழுதாக இல்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாள், மகாராணி அல்லவா. நிபுணர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். 'சுருக்கமா' என்னிடம் வந்தார்.

"சுருக்கமா சொல்லுங்க. ஓடுதா?"

"ஓடுது சார்."

"இது யாரோட ஐடியா?"

"ஐடியா எல்லாம் இல்ல சார். நான் கழுவல. அவங்க கொட்டல. அவ்வளவுதான்."

"இவ்வளவு சுருக்கமா இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல" என்றார். ஆலைக்கு இன்னொரு வருஷம் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம்தான். அதற்குள் மிச்சத்தையும் தின்னவைக்கவேண்டும். ஆகவே அடுத்த வருஷமும் உங்கள் திட்டை வாங்கிக்கொள்ள நான் இங்கேதான் இருப்பேன். மகனிடம் அந்தக் கடல் தாண்டிய வேலையைப் பற்றிக் கேட்டேன். "எந்த வேலை?" என்றான். மருமகள் முறைத்தாள். அத்தோடு சரி.

இந்தப் பெட்டியில் உங்களுக்கு ஒரு ஆச்சரியம். இத்தனை நாளும் உங்களை ரொம்பத்தான் படுத்திவிட்டேன். அதனால் அந்த ஸ்ட்ராபெரிப் பாட்டிலை நானே உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒட்டிய சீட்டைக்கூட உரித்துவிட்டேன். முகர்ந்து பாருங்கள். ஒரு சொட்டு நாற்றம் வராது.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 10

அன்புள்ள சம்பந்திக்கு,

பாட்டில் வந்தது. பளபளவென்று இருக்கிறது. முகர்ந்தும் பார்த்தேன்.

பெட்டி வருகிறது என்றதும் மூன்று பேரை நிறுத்தி, தட்டுகளை எடுத்துவைத்து, சுடரைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஆலையில் இவ்வளவு நாள் உழைத்துவிட்டு வருகிற கசடு, இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும், அதிலிருந்துதான் அடுத்ததை எடுக்கவேண்டும் என்று. மூடியைத் திறந்தால் உள்ளே உங்கள் சோப்பு வாசனை.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, உதவியாளர்கள் பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தேன்.

சம்பந்தி, நான் சொல்வதை இந்த ஒரு தடவை அப்படியே கேளுங்கள். மாப்பிள்ளையைச் சீக்கிரம் ஒரு ஜாம் பாட்டிலைக் காலி செய்யச் சொல்லுங்கள். அதில் தொட்டியின் அடிக்கசடை வழக்கம்போல ஸ்பூனால் அள்ளிப் போட்டு அனுப்புங்கள். கழுவவேண்டாம், காயவைக்கவேண்டாம், ஒன்றும் செய்யவேண்டாம்.

மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி